படுகளத்தன்று செய்த வெள்ளரிப்பழப் பானகம்

அண்டாவின் அடியில் அரை டம்ளர் பானகம் மிச்சம் இருந்தது. கழுவிக் கவிழ்ப்பதற்கு முன்னால் அதைக் குடித்தேன். காலையிலிருந்து பிசைந்து, கரைத்து, வடிகட்டி, ஊற்றிக் கொடுத்ததை நான் வாயில் வைத்தது அதுதான் முதல் முறை. முதலில் வெல்லம் தெரிந்தது. பிறகு எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். எல்லாம் தொண்டையில் இறங்கிப் போன பின்னால் நாக்கின் அடியிலிருந்து ஒரு கசப்பு எழுந்து வந்தது. வேப்பிலை கசந்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். இது பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தேன், கூடியது.

அப்போது மணி மூன்று. ஒன்றரை மணிக்கு அந்த அண்டாவிலிருந்து பதினொரு பேர் குடித்திருந்தார்கள். பதினொரு பேரும் மஞ்சள் துணி உடுத்திக் காப்புக் கட்டியவர்கள், மாலை ஆறு மணிக்குத் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் தீ மிதிக்கப் போகிறவர்கள். அவர்களில் ஒருவன் என் அண்ணன். அவன் மூன்று டம்ளர் குடித்தான். அவன் நெருப்பில் தனியாக இறங்கப் போவதில்லை. ஒரு வயதுகூட நிரம்பாத தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கப் போகிறான்.

இதெல்லாம் எப்படி ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

அது நான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் கோடை. தாவரவியல் படித்தேன். ரிசல்ட் வரவில்லை, வேலையும் வரவில்லை, கை மட்டும் சும்மா இருக்கவில்லை. பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம் போய்க் கடலூர் ரோட்டில் ஏறினால், பங்குனி பிறந்ததுமே இரண்டு பக்கமும் பழங்களைக் குவித்துவிடுவார்கள். தினம் ஒன்று வாங்கி வருவேன். தர்பூசணியைக் கட்டம் கட்டமாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, எலுமிச்சை பிழிந்து வைத்தால் வேறு ஒன்றும் வேண்டாம். அதன் தோலுக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைப் பகுதியை எறியாமல் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் அரைத்து விட்டால் சுரைக்காய்க் கூட்டு மாதிரி இருக்கும். கிர்ணிப்பழத்தை ஸ்பூனால் சுரண்டி, ஆறிய பாலும் ஏலக்காயும் ஊறவைத்த சப்ஜா விதையும் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு சொம்பு தயார். ஒவ்வொன்றையும் கவிழ்த்த வாளி மேல் வைத்து வீடியோ எடுத்துப் போடுவேன். ஃபோனைப் பிடித்துக்கொள்வது அண்ணன், எடுத்து முடித்ததும் தின்பதும் அவன்தான்.

"தெனம் ஒரு பழத்த நிக்க வெச்சி போட்டோ புடிக்கிறியே, அதுக்கு இன்னா ஆதார் கார்டா எடுக்கப் போற?" என்பாள் அம்மா.

ஆனால் என் ஆசையெல்லாம் வெள்ளரிப்பழத்தின் மேல் இருந்தது. அது பழுத்தால் கொடியிலேயே தானாக வெடிக்கும். உள்ளே மாவு போல இருக்கும். வெடித்த பழம் உதிராமல் நாரால் சுற்றிக் கட்டி விற்பார்கள். நாட்டுச் சர்க்கரையைத் தூவிக் கையாலேயே பிய்த்துத் தின்னலாம். முந்தின வருடம் எங்கள் மோட்டார் கொட்டகை ஓரம் தானாக ஒரு கொடி முளைத்து நான்கு பழம் விட்டது. அதன் விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருந்தேன். சம்பா அறுத்த பிறகு தை மாதத்தில் அதை ஊன்றினேன். எட்டுக் கொடி வந்தது. முந்தின வருடம் அந்தக் கொடிக்குப் பக்கத்து வரப்பில் காட்டுத் தும்மட்டி படர்ந்து கிடந்தது, வெள்ளரி இனத்துக் கசப்புக் கொடி. அதைத் தொட்ட விரலை வாயில் வைத்தாலே குமட்டும். அந்தத் தும்மட்டிப் பூவுக்கும் என் வெள்ளரிப் பூவுக்கும் தேனீக்கள் போய்ப்போய் வந்ததை நானே ஸ்லோ மோஷனில் எடுத்து, பாட்டு வைத்துப் போட்டேன். அயல் மகரந்தச் சேர்க்கை பற்றிப் பரீட்சையில் படம் வரைந்து எழுதியவள் நான். அந்த வீடியோவைப் பார்த்தபோது அழகாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் வெள்ளரி போட்டவர்கள் ஒரு வேலையை விடவே மாட்டார்கள். ஒவ்வொரு கொடியிலும் முதல் பிஞ்சைக் கடித்துப் பார்ப்பார்கள். கசந்தால் அது தும்மட்டி ஏறின கொடி, தும்மட்டி மகரந்தம் கலந்த விதையில் முளைத்தது. வேரோடு பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

"பிஞ்ச கடிச்சிப் பாத்தியாடி? கொடி கொடியா பாக்கணும்" என்று அம்மா கேட்டாள்.

"பாத்துட்டேம்மா."

மூன்று கொடியில்தான் பார்த்திருந்தேன். மூன்றும் நன்றாக இருந்தன. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். மீதி ஐந்து அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் தீமிதியன்று காலையில் படுகளம் நடக்கும். துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்கவைத்துக் கூத்து ஆடுவார்கள். அது முடிந்தால் தீ மிதிக்கிறவர்கள் சாயந்தரம் வரைக்கும் சோறு தொட மாட்டார்கள். மோரோ பானகமோ குடிப்பார்கள். அந்த வருடம் எங்கள் தெருக்காரர்களுக்குப் பானகம் நான் செய்கிறேன் என்று முந்திக்கொண்டேன். வெறும் வெல்லத் தண்ணியாக இல்லாமல், வெள்ளரிப்பழம் போட்டு.

பத்துப் பழமாவது வேண்டியிருந்தது. ஏழுதான் வெடித்திருந்தது. வெடிக்காத ஐந்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இதுவும் பழம்தான் என்று பறித்துக்கொண்டேன். தோலும் விதையும் எடுத்துக் கையால் மசித்து, கரைத்து வடிகட்டிய வெல்லத் தண்ணீரில் போட்டு, எலுமிச்சை பிழிந்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான் செய்முறை. ருசி பார்ப்பது மட்டும் அதில் கிடையாது. முதல் டம்ளர் அம்மனுக்கு. அதற்கு முன்னால் செய்தவள் நாக்கில் வைத்தால் எச்சில்.

படைத்தார்கள். பூசாரி தீபம் காட்டினார். பதினொரு பேருக்கும் நானே ஊற்றிக் கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார்கள். அண்ணன் மட்டும் டம்ளரை மறுபடியும் நீட்டினான், அப்புறம் இன்னொரு முறையும்.

அந்த அரை டம்ளருக்குப் பிறகு கூடையில் மிச்சம் இருந்த இரண்டு காய்களை அறுத்து நுனி நாக்கில் வைத்தேன். ஒன்று சப்பென்று இருந்தது. இன்னொன்றை உடனே துப்பினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. கை கழுவாமலே ஃபோனை எடுத்துத் தேடினேன். கசக்கிற சுரை, கசக்கிற வெள்ளரி எதையும் உண்ணக் கூடாது என்று எல்லா இடத்திலும் போட்டிருந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தம் இறங்குதல், மயக்கம். நான் மயக்கம் என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். அதற்குக் கீழே படிக்கத் தைரியம் வரவில்லை.

அம்மாவும் அண்ணியும் பாப்பாவோடு கோயிலில் இருந்தார்கள். தீ மிதிக்கிறவர்கள் ஏரிக்கரைப் பக்கம் குளிக்கப் போயிருந்தார்கள். வண்டியை எடுத்தேன். 

வழியில் ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா குனிந்து நின்றார். அப்பாவுக்கு அண்ணன் முறை, எங்கள் தெருவில் ஒவ்வொரு வருடமும் முதலில் நெருப்பில் இறங்குகிறவர்.

"இன்னா பெரியப்பா, வாந்தியா?"

"ஒண்ணுமில்ல, நீ போ. வெயிலு."

"எத்தினி வாட்டி எடுத்தீங்க?"

"நாலு. கத்தாதடி." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "காப்பு கட்டினப்புறம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன்ல. அங்க ஒரு குவார்ட்டரு. ஒண்ணே ஒண்ணு. ஆத்தா பாத்துக்கினே இருந்திருக்கா."

"அது ஆத்தா இல்ல பெரியப்பா. என் பானகம். பழம் கசப்பு."

"பானகம் அமிர்தம். நீ எதுக்கு என் பாவத்த தூக்கி தலைல வெச்சிக்கற? உள்ள கெடக்குற சரக்கத்தான் இழுத்து வெளிய போடறா. போட்டு முடிச்சான்னா நான் எறங்கிடுவேன். வூட்ல சொல்லிடாத."

 இதுவரைக்கும் நான் கசப்புக்குப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது வேறொன்று புரிந்தது. பதினொரு பேருக்கும் மனசுக்குள் ஏதாவது ஒரு தப்பு இருக்கும். வயிறு புரட்டுகிற ஒவ்வொருவரும் அதை அம்மன் தண்டனை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். தலைசுற்றலோடு வரிசையில் நின்று நெருப்பில் இறங்குவார்கள். யாரும் சொல்லப் போவதில்லை.

அண்ணன் மோட்டார் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். குளித்த ஈரம் என்று நினைத்தேன், கிட்டே போனால் வியர்வை. உதடு வெளுத்திருந்தது.

"ண்ணா, பானகம் கசந்துச்சா?"

"வெரத வாயி கசக்கத்தான் செய்யும்."

"அப்பறம் எதுக்கு மூணு டம்ளர் குடிச்ச?"

"நீ செஞ்சது. ஒண்ணோட நிறுத்தினா மூஞ்சத் தூக்கிக்கினு இருப்ப."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொடியைப் பற்றி, தும்மட்டியைப் பற்றி, கடித்துப் பார்க்காத ஐந்து பிஞ்சைப் பற்றி ஒரே மூச்சில் சொன்னேன். அவன் பாதிதான் கேட்டான்.

"தல சுத்துதாண்ணா?"

"எழுந்தா சுத்துது. நடந்தா சரியாப் பூடும்."

"பாப்பாவ எப்பிடித் தூக்குவ?"

"அதுக்குத்தானடி நடக்கறதே." பாப்பா பிறந்த இரண்டாவது வாரம் காய்ச்சலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். உன்னைத் தூக்கிக்கொண்டு தீ மிதிக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று இவன் வேண்டிக்கொண்டான். "உனக்குத் தெரியாது. போன வாரம் கம்பெனி வாசல்ல ஒரு பப்ஸ் தின்னேன். வெஜ்னுதான் குடுத்தான். பாதி தின்னப்பறம் பாத்தா உள்ள முட்ட. அதுக்குத்தான் இது."

"முட்டைக்கா இப்பிடி ஆவும்? லூசாண்ணா நீ?"

"சத்தம் போடாத. வெளிய தெரிஞ்சா வெரதம் கெட்டவன்னு சொல்லி நிறுத்திப்புடுவாங்க. பாப்பாவுக்கு வேண்டினது வீணாப் பூடும். யார்கிட்டயும் சொல்லாத. எம்மேல ஆணையா சொல்லாத."

எழுந்து இரண்டு அடி வைத்தான். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு மறைவாகக் கரும்புப் பக்கம் போனான். அவன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

வண்டியைக் கோயில் பக்கம் திருப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றும் தோன்றியது. முனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அம்மனுக்குப் படைத்ததில் விஷம் வைத்தவள் என்ற பெயர் எங்கள் ஊரில் எத்தனை வருடம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் போட்ட ஆணையும் இருந்தது. அப்போது கோயிலில் பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் வண்டியை முடுக்கினேன்.

கோயில் வாசலில் கட்டையெல்லாம் எரிந்து முடிந்து, நெருப்புக் கங்குகளை நீளக் கம்பால் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பத்து அடி தள்ளி நின்றாலே முகம் எரிந்தது. குழிக்கு அந்தப் பக்கம் அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மஞ்சள் கவுன், நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் வேப்பிலை. பாப்பா அந்த இலையைப் பிய்த்து வாயில் வைத்து, முகத்தைச் சுளித்துத் துப்பியது. கசந்தால் குழந்தைகூடத் துப்பிவிடுகிறது.

பூசாரியிடம் போய்ச் சொன்னேன். பம்பைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்றார். சத்தமாகச் சொன்னேன். அது எல்லாருக்கும் கேட்கிற சத்தமாக வந்துவிட்டது.

"பானகத்துல போட்ட பழம் தும்மட்டி ஏறினது. நான்தான் பாக்காம போட்டுட்டேன். குடிச்சவங்களுக்கு வாந்தி எடுக்குது, தல சுத்துது. சொல்லாம மறைக்கிறாங்க. தீயில எறக்காதீங்க."

பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா கையை நிறுத்தினாள். "படிச்ச பொண்ணு பாரு, ஆத்தாளுக்கே வெஷம் வெச்சிட்டா."

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கடிச்சிப் பாத்தேன்னு சொன்னியேடி."

"மூணு கொடிதாம்மா."

 அம்மா அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடித்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

பூசாரி என்னையே பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "அம்மனுக்கு வெச்ச டம்ளர நான்தான் குடிச்சேன்" என்றார். "ரெண்டு மணிலேர்ந்து வயித்த பெரட்டிக்கினே இருக்குது. பூசைல இன்னா தப்பு பண்ணிட்டேன்னு மண்டய ஒடச்சிக்கினு இருந்தேம்மா."

அவர் மைக்கைப் பிடித்தார். "பானகம் குடிச்சவங்க கேளுங்கப்பா. வயித்த பெரட்டினா மறைக்காதீங்க. ஆத்தாளுக்கு யார் மேலயும் கோவம் கெடையாது. அது வெள்ளரிக்கா. எனக்கும்தான் பெரட்டுது."

ஏரிக்கரைக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலும் அது கேட்டிருக்கிறது. பெரியப்பாவோடு சேர்த்து ஐந்து பேர் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்களாம். அண்ணன் தூக்கவில்லை. அவனைக் கரும்பு ஓரத்திலிருந்து இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அந்த நிலைமையிலும் குழியைப் பார்த்தே நடந்தான்.

"உடுங்க, பாப்பாவக் குடுங்க, நான் எறங்கறேன்."

பூசாரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தீ ஆறின குழியும் ஆத்தா குழிதான். காலைல பால் ஊத்தி குழிய மூடறதுக்கு முன்ன புள்ளயத் தூக்கிக்கினு நட. நான் நிக்கறேன். இப்ப ஆட்டோல ஏறு."

சுகாதார நிலையத்தில் அவனுக்கு டிரிப் ஏற்றினார்கள். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். அவன் கடைசியாக எடுத்த வாந்தியில் சிவப்பாக ஒரு இழை இருந்தது. குங்குமமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணி அவன் தலைமாட்டில் நின்றாள், என்னிடம் பேசவில்லை. பாப்பாவை மட்டும் என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இன்னும் நம்பி என்னிடம் கொடுக்கிறாளே என்று அதற்கும் பயமாக இருந்தது. ஆறு மணிக்குத் தூரத்தில் பம்பை வேகம் பிடித்தது. மற்றவர்கள் இறங்குகிறார்கள். பானகம் குடித்தும் ஒன்றும் ஆகாதவர்கள் ஐந்து பேர் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு கூச்சலுக்கும் யாரோ விழுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். சத்தம் அடங்கும் வரைக்கும் பாப்பாவின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். விட்டபோது என் விரல் தடம் அதன் காலில் சிவந்திருந்தது.

யாரும் விழவில்லை. இரண்டாவது பாட்டில் ஏறிய பிறகு நர்ஸ் மறுபடியும் பட்டையைச் சுற்றினார். இந்த முறை, "ஏறுது" என்றார்.

அடுத்த கட்டிலில் பெரியப்பா கையில் ஊசியோடு எழுந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

"ஏம்மா, அப்ப நெசமாவே வெள்ளரிக்காதானா?"

"ஆமா பெரியப்பா."

"அப்ப அந்தக் குவார்ட்டருக்கு ஆத்தா ஒண்ணுமே சொல்லலியா?"

அண்ணன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "என் முட்ட பப்ஸுக்கும் சொல்லல பெரியப்பா." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் அவன் நடந்தான். குழி சாம்பல் பூத்துக் கிடந்தது. சாம்பலுக்குள் எங்கேயாவது ஒரு கங்கு விழித்திருக்கும் என்று நான் முதலில் வெறுங்காலோடு இறங்கப் போனேன். பூசாரி தடுத்துவிட்டு, தானே ஒரு முறை நடந்து பார்த்தார். பிறகு அண்ணன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனான். முந்தின நாள் பார்க்க வந்த கூட்டம் இல்லை. அம்மா மட்டும் வாய்விட்டுக் கும்பிட்டாள். அன்றைக்கே எட்டுக் கொடியையும் பிடுங்கினேன், கசக்காத மூன்றையும் சேர்த்து.

இப்போதும் கோடையில் பழம் வாங்குகிறேன். வீடியோவும் எடுக்கிறேன். ஆனால் செய்முறையில் முதல் வரி மாறிவிட்டது: காம்புப் பக்கம் ஒரு துண்டு அறுத்து வாயில் வை, இனிப்பு சேர்ப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பழத்திலும். படையலுக்கு என்றாலும் அப்படித்தான். கலக்குவதற்கு முன்னால் அது வெறும் பழம்தான், எச்சில் ஆகாது என்று அம்மாவே சொல்லிவிட்டாள். வெள்ளரிப்பழத்தை மட்டும் நான் இன்னும் தொடவில்லை.

நேற்று கிர்ணி அறுத்தேன். பாப்பாவுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. வாளி பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தது.

"அத்த, தா."

காம்புத் துண்டை என் வாயில் போட்டேன். இனிப்பாக இருந்தது. அந்தப் பானகமும் முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. நாக்கின் அடியிலிருந்து ஏதாவது எழுந்து வருகிறதா என்று காத்திருந்தேன்.

"தா அத்த!"

"இருடி. கொஞ்சம் இரு."

திறந்த வாயோடு அது நின்றுகொண்டே இருந்தது. நான் இன்னும் ஒரு துண்டு அறுத்து என் வாயில் வைத்தேன்.